மூன்று மில்லிமீட்டர் காற்று

மனிதகுலம் எழுந்து நின்று, தும்மல் இருமல்களை அடக்கிக்கொண்டு கேட்க வேண்டிய அறிவிப்பு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு மார்ச் மாதம், பாதுகாப்பு வாரத்தின் மூன்றாம் நாள், முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் வடகோடியில் அமைந்த சர்வோத்தமா பிரஸ் மெட்டல்ஸ் தொழிற்சாலையில், முன்பக்கம் எண்ணினால் மூன்று கம்பிகளும் பின்பக்கம் எண்ணினால் இரண்டு கம்பிகளும் உடையதும், வெளியிலிருந்து எவரும் திறந்துவிடாதபடி தாழ்ப்பாள் உள்ளே பொருத்தப்பட்டதும், மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள காற்றால் செய்யப்பட்டதுமான பாதுகாப்புக் கவசம் ஒன்று, தொழிற்சாலை மேலாளர் திரு. மணவாளன் அவர்களின் திருக்கரத்தால், பச்சை மையில், அங்கீகரிக்கப்பட்டது.

அங்கீகரித்த கை அந்தப் படத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை என்ற சிறு விவரம் அறிவிப்பில் சேராது.

டிராயிங் ஆபீஸ் என்று ஒன்று இருக்கும் இடத்தில் ஒரு பழக்கமும் இருக்கும். கட்டில் விரிப்பு அகலத்துக்கு வரைபடம் இருந்தாலும் மடித்து மடித்து ஃபைல் தாள் அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். மடித்த பிறகு வலது கீழ்மூலைக் கட்டம் ஒன்றுதான் மேலே தெரியும். சாமானின் பெயர், எண், வரைந்தவர், சரிபார்த்தவர், அங்கீகரித்தவர். பெரியவர்களுக்கு அந்தக் கட்டம் போதும். மணவாளன் சர்வோத்தமாவில் பதினோரு வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். அவர் அறைக்குள் போன படங்கள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வெளியே வரும். மடிப்புக்கு உள்ளே யானை வரைந்திருந்தாலும் அதன் வாலுக்குக்கூடத் தொந்தரவு இருக்காது.

வரைந்தவர் என்ற கட்டத்தில் இருந்த பெயர் ஜோசப்ராஜ். முப்பத்தாறு வயது. திருமுல்லைவாயிலில் வீடு, ரயில்வே கேட்டைத் தாண்டி நாலாவது சந்து. பன்னிரண்டு வருஷமாகப் பலகையில் தாளை ஒட்டி, கோடு போட்டுச் சம்பாதிக்கிறவன். தொழிற்சாலை முழுக்க அவனைத் தெரியும்; ஆனால் கோட்டுக்காக அல்ல. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கழித்துப்போட்ட பிரிண்ட் தாள்களின் பின்பக்கத்தில் அவன் உலகத்தில் இருக்க முடியாத சாமான்களை வரைந்து கேன்டீன் சுவரில் ஒட்டுவான். கைப்பிடியை உள்பக்கம் வைத்த காபிக் கோப்பை. குதிகாலோடு குதிகால் ஒட்டிய செருப்பு ஜோடி. போட்டுக்கொண்டால் ஒரு கால் ஆவடிக்கும் மறு கால் அம்பத்தூருக்கும் போகும். கைப்பிடி ஒரு தெருவிலும் தண்ணீர் விழும் வாய் அடுத்த தெருவிலும் உள்ள அடிபம்பு. உள்ளே இடமே இல்லாமல் எட்டுப் பக்கமும் படிக்கட்டு மட்டும் வைத்த பஸ். கொசுவலையில் தைத்த குடை.

வேடிக்கை என்னவென்றால் எதிலும் ஒரு சிரிப்புக்கோடு இருக்காது. எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டு அளவு எழுதுவான். முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம். கூட்டல் கழித்தல் அரை மில்லிமீட்டர். வெல்டிங் ஷெட் கன்னியப்பன் குடையின் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“மாமே, இதுல ஒண்ணு அட்சிக் குடேன். எம் மாமியா மயைல வர்றாளாம்.”

அந்தக் குடைப் படத்தைத்தான் மணவாளன் கேன்டீன் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்க் கண்ணாடி போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வெளியாள் வந்தால் கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னே காட்டுவார். “நம்ம ஆர்ட்டிஸ்ட் போட்டது. சிரிக்கத் தெரிஞ்ச நிர்வாகம் சார் நம்மளது.” கொசுவலைக் குடைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டுதான் அவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது.

பாதுகாப்பு என்றால் ஏழாம் நம்பர் பிரஸ்.

அந்த மெஷினில் வேலை செய்வது எளிது. இடது கையால் தகட்டை எடு, வலது கையால் உள்ளே வை, கையை வெளியே எடு, காலால் மிதி. மேலேயிருந்து நாற்பது டன் இறங்கித் தகட்டை வளைத்துவிட்டுப் போகும். இந்த வரிசை மாறக் கூடாது. ஷிப்டுக்கு இரண்டாயிரத்து நானூறு முறை மாறக் கூடாது. தவிர, அந்த மெஷினுக்கு வயதாகிவிட்டதால் சில நாள் ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கும். கை உள்ளே இருக்கும்போது அந்த நாற்பது டன் பஞ்ச் இறங்க முடியாதபடி முன்னால் ஒரு கம்பிக்கூண்டு வேண்டும். அதற்குப் பெயர் கார்டு. சந்திரனுக்குப் போகும் விஞ்ஞானம் இல்லை; கன்னியப்பன் ஒரு நாளில் அடித்துக் கொடுத்துவிடுவான்.

ஜோசப்ராஜ் அதற்கு மூன்று முறை படம் வரைந்தான். எண்பத்தைந்தில் வரைந்தது “பார்க்கலாம்” என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எண்பத்தாறில் வரைந்தது “கார்டு போட்டால் ஷிப்டுக்கு முந்நூறு பீஸ் குறையும்” என்று திரும்பி வந்தது. மூன்றாவது படம் ஒரு சொல்லும் இல்லாமல் வந்தது. அங்கீகரித்தவர் கட்டத்தில், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், டீ கிளாஸின் அடிவட்டம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் பாதுகாப்பு வாரம் வந்தது. பேனர் வந்தது. பேட்ஜ் வந்தது. மணவாளன் அவனைக் கூப்பிட்டு, “ஏழாம் நம்பருக்கு ஒரு கார்டு டிராயிங் ஃபைல்ல இருக்கணும்யா. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஃபைல் பாப்பாரு. செய்யறதெல்லாம் அப்புறம். டிராயிங் இருக்கணும்” என்றார்.

ஜோசப்ராஜ் பலகைக்குத் திரும்பி வந்தான். அரை மணி நேரம். கேன்டீன் படங்களை வரையும்போது வாய்க்குள் பாட்டு ஓடும். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தான். முன்னால் மூன்று கம்பி, பின்னால் போகும்போது இரண்டு. நடுக்கம்பி எங்கே காணாமல்போகிறது என்று யாராலும் கையை வைத்துக் காட்ட முடியாது. தாழ்ப்பாள் உள்ளே. பொருள் என்ற இடத்தில் ‘காற்று’. தடிமன் மூன்று மில்லிமீட்டர். மேற்பூச்சு மஞ்சள் பெயின்ட், இரண்டு கோட். நீங்கள் இரண்டு வருஷமாக அந்த மெஷினில் மாட்டியிருப்பது இதைத்தானே சார் என்று சொல்வதற்கு அவன் தயாராக இருந்தான். மணவாளன் பிரிப்பார், கத்துவார், இவன் சொல்வான். அந்த ஒரு வாக்கியத்தைச் சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

படம் பச்சைக் கையெழுத்தோடு திரும்பியது. எஸ்.பி.எம். 7/114 என்று எண் வாங்கியது. பதிவேட்டில் ‘ஷாப்புக்கு வழங்கப்பட்டது’ என்று, அதாவது பட்டறைக்குப் போய்விட்டதாக, ஏறியது. ஜோசப்ராஜும் கன்னியப்பனும் வெல்டிங் ஷெட்டுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டில் ஏழாம் நம்பர் பிரஸ் ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கியது. துலுக்கானத்தின் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

துலுக்கானம் பாரிவாக்கத்துக்காரன். அப்பன் ஆத்தாள் இருவரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அந்தக் கழனிகளில் இப்போது கல் நட்டு பிளாட் போட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் கம்பெனி அடையாள அட்டை வைத்திருந்த முதல் ஆள் அவன். ஒன்பது வருஷ சர்வீஸ். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுவாரம் கம்பெனியிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. விசாரித்து எழுதிய கடிதம் என்று நினைத்து அவன் மனைவி தாயம்மா தபால்காரருக்கு மோர் கொடுத்தாள்.

தபாலில் இருந்தது குற்றப்பத்திரிகை. நிர்வாகத்தால் அங்கீகரித்து வழங்கப்பட்ட, எஸ்.பி.எம். 7/114 எண்ணுடைய பாதுகாப்புக் கவசத்தைத் தன்னிச்சையாக அகற்றி, அதன் மூலம் தன் விரல்களுக்கும் நிறுவனத்தின் நற்பெயருக்கும் ஊறு விளைவித்த மேற்படி தொழிலாளியை ஏன் வேலைநீக்கம் செய்யக் கூடாது என்று அதில் கேட்டிருந்தது. விரல்களைவிட நற்பெயருக்கு ஒரு வரி அதிகம் ஒதுக்கியிருந்தார்கள். விசாரணை முடியும்வரை ஏழாம் நம்பர் பிரஸ்ஸை நிறுத்தி, அதன் கழுத்தில் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த நகலை ஜோசப்ராஜ் படித்தான். எண்ணைப் படித்தான். இன்னொரு முறை எண்ணைப் படித்தான். கேன்டீனில் அன்று போட்ட சாப்பாடு தட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் அவன் வீட்டுக்குக்கூடப் போகாமல் சைக்கிளைப் பாரிவாக்கத்துக்கு விட்டான். சட்டைக்குள் படத்தின் இன்னொரு நகல் இருந்தது.

துலுக்கானம் வாசலில் பிளாஸ்டிக் வயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கை வெள்ளைப் பொட்டலமாக மடியில் கிடந்தது.

“தோடா, யாரு வந்துகீறது பாரு! தாயம்மா, இவருதாம்மே நான் சொல்லல, கொடை படம், பஸ்ஸு படம் போட்ட ஆர்ட்டிஸ்ட்டு. குந்து அண்ணாத்தே. கை குடுக்கலன்னு கோச்சிக்காத, பாதி கடைய சாத்திட்டானுங்கோ.”

ஜோசப்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. துலுக்கானம் விடவில்லை.

“இன்னா மூஞ்சி இப்டி கீது? எட்டு கீதில்ல இன்னும். எட்டுல பொயைக்கறவன் எத்தினி பேரு கீறான். வேல போச்சின்னாதான் பேஜாரு. கை போனா கூட ஊட்ல சோறு வுயும். வேல போனா தெருவே நம்பள வேற மாரி பாக்கும்.” சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “இன்னாமோ கார்டு கயட்டிப் போட்டேன்னு எய்திகீறானுங்கோ. ஒம்போது வர்சமா அந்த மெஷின்ல கீறேன். கார்டா? நான் அதுல பாத்தது ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டு மட்டுந்தான். அது இன்னா கார்டு, உனுக்குத் தெரியுமா?”

ஜோசப்ராஜ் சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்து அவன் மடியில் பிரித்து வைத்தான். துலுக்கானம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். மறுபக்கமாகச் சாய்த்தான். இடது கை ஆள்காட்டி விரலால் கம்பிகளை எண்ணினான். முன்னால் மூன்று. பின்னால் இரண்டு. மறுபடி முன்னால் மூன்று. தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தான். வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தான்.

“தாப்பாவ உள்ளார வெச்சிகீறியே! செம தமாசுப்பா. இத்த இன்னா கேன்டீன்ல மாட்டல?”

“இதான் துலுக்கானம் அந்த நம்பரு. நூத்திப் பதினாலு. நீ கழட்டினதா எழுதியிருக்கறது இதத்தான். நான் கோவத்துல போட்டேன். மேனேஜர் பிரிக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு.”

சிரிப்பு மெதுவாக நின்றது. துலுக்கானம் படத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

“இத்த நான் கயட்டினேனா?”

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாயம்மா முறத்தோடு வெளியே வந்தாள். அரிசி தரையில் கொட்டியது அவளுக்குத் தெரியவில்லை.

“நல்லா கீது சார் உங்க நாயம். அவுரு படிக்காம கையெய்த்து போடுவாரு, நீ படிச்சிட்டு கிண்டல் பண்ணுவே, நடுவுல வெரல வுடறதுக்கு எம் புருசன். கோவம் வந்தா அந்தாளு மூஞ்சிக்கு நேரா கேக்கறதுதான? பேப்பர்ல எய்தி மடிச்சி குட்த்தா அதுக்குப் பேரு கோவமா?”

“தாயம்மா, சும்மாரு. அவுரு நம்ம ஆளு.”

“நம்ம ஆளு வெரலு எத்தினி கீது, எண்ணி சொல்லச் சொல்லு.”

ஜோசப்ராஜ் எழுந்து படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் எடுத்துப்போட முடியவில்லை. ஆறு மாதமாக எதைத் தன் துணிச்சல் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தானோ அதை அவள் முறத்தில் போட்டுப் புடைத்துவிட்டாள். சைக்கிளைத் திருப்பும்போது துலுக்கானம் கூப்பிட்டான்.

“அண்ணாத்தே, என்குவாரில மட்டும் நெஜத்த சொல்லிடு. எனுக்கு வேல வேணும். வேற ஒண்ணும் வாணாம்.”

திங்கட்கிழமை மணவாளனே கூப்பிட்டனுப்பினார். கொசுவலைக் குடைக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வாய்யா ஆர்ட்டிஸ்ட். நீதான் நம்ம பக்கத்து சாட்சி. மூணே கேள்வி. நீ வரைஞ்சதா? ஆமா. நான் அப்ரூவ் பண்ணினேனா? ஆமா. ஷாப்புக்குப் போச்சா? ஆமா. மூணு ஆமா, ஒரு டீ. முடிஞ்சுது.”

“சார், நீங்க அந்த டிராயிங்கப் பாத்தீங்களா?”

“பாக்காமலா கையெழுத்துப் போட்டேன்?”

“அதுல எத்தனை கம்பி சார்?”

மணவாளனின் புருவம் உயர்ந்தது. “கார்டுன்னா கம்பி இருக்கும்யா. தேவையான அளவுக்கு இருக்கும். இதப் பாரு, துலுக்கானம் வேலையில இருந்தா நாளைக்கு நஷ்ட ஈடு, லேபர் ஆபீஸு, கோர்ட்டுன்னு இழுப்பான். நீ ஏன் நடுவுல? உனக்கும் குடும்பம் இருக்கு. கம்பெனி ரெக்கார்டுல ஏதாவது கோளாறு பண்ணியிருந்தேன்னு தெரிஞ்சா, அப்புறம் நானே நெனைச்சாலும் உன்னைக் காப்பாத்த முடியாது.”

இங்கேயே, இந்த மேஜையிலேயே சொல்லிவிடலாம். சொன்னால் படம் ஒரு மணி நேரத்தில் பதிவேட்டிலிருந்து காணாமல்போகும், அதன் இடத்தில் வேறொரு படம் முளைக்கும், அதையும் இவனே வரைய வேண்டியிருக்கும். ஜோசப்ராஜ் எழுந்து வந்தான். காது மடல் வரை கொதித்தது. கோபத்தைப் பேப்பரில் மடித்து வைக்கக் கூடாது. ஆனால் சரியான மேஜை வரும்வரை வாயில் வைத்திருக்கலாம்.

அவன் போன பிறகு மணவாளன் கொஞ்சம் யோசித்தார் என்று சொல்ல வேண்டும். அது அபூர்வமாக நடப்பது. கம்பி என்று இவன் கேட்டதால், விசாரணை அதிகாரியும் கவசத்தைக் கண்ணால் பார்க்கக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. படத்தின் நகலை மடித்தது மடித்தபடியே எடுத்துக்கொண்டு வெல்டிங் ஷெட்டுக்கு நடந்தார்.

ஆயுத பூஜையன்று ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்குச் சந்தனம் தெளித்து, சிவப்பு அட்டைக்கு மேலேயே சாமந்தி மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்த வாரம் விசாரணை.

விசாரணை அதிகாரி பாரிமுனையிலிருந்து ஃபியட் காரில் வந்த வக்கீல். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை. இயற்கை நீதி என்ற சொல்லை உட்காரும்போது ஒரு முறையும் நாற்காலியைச் சரிசெய்யும்போது ஒரு முறையும் சொன்னார். பயிற்சிக் கூடத்தில் மேஜை போட்டிருந்தது, ஓரத்தில் வாக்குமூலத்தை அடிக்க ஒரு டைப்பிஸ்ட். சுவரில் ‘உன் பாதுகாப்பு உன் கையில்’ என்று மார்ச் மாதத்துப் பேனர் இன்னும் தொங்கியது. அதற்கு நேர் கீழே துலுக்கானத்தை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை; வேறு இடமில்லை. வாசலிலும் ஜன்னலிலும் மதிய ஷிப்ட் ஆட்கள் அப்பிக்கொண்டு நின்றார்கள்.

“சாட்சி ஜோசப்ராஜ். இந்தப் படம் உங்களால் வரையப்பட்டதா?”

“ஆமா சார்.”

“இதிலுள்ள கையொப்பம் மேலாளருடையதா?”

“ஆமா சார்.”

“ஆக, கவசமானது முறைப்படி வடிவமைக்கப்பட்டு, முறைப்படி...”

“பிரிச்சுப் பாருங்க சார்.”

“அவசியமில்லை. எண் இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது.”

“பிரிங்க சார்!”

அந்தக் குரல் தன்னுடையது என்பது ஜோசப்ராஜுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. டைப்பிஸ்ட்டின் விரல்கள் சாவிகளின் மேல் அப்படியே நின்றன. அவனே எட்டி, வக்கீலின் கையிலிருந்து படத்தை வாங்கி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தான். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக மணவாளன் முன்னால் ஒரு படம் முழுதாக விரிந்தது. மேஜை முழுவதும் பரவி டீ கிளாஸ்களை மூடியது.

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “பொருள்... காற்று. தடிமன் மூன்று மில்லிமீட்டர்.” நிமிர்ந்தார். “இது என்ன?”

“தட்டச்சுப் பிழை” என்றார் மணவாளன்.

“கையால எழுதினது சார். என் கையெழுத்து.” ஜோசப்ராஜ் பையிலிருந்து வேறு மூன்று படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டான். “நெஜ கார்டு இது. இது. இது. மூணு தடவ கேட்டேன். பாக்கலாம்னாரு. பீஸ் கொறையும்னாரு. மூணாவதுல சார் டீ கிளாஸ் வெச்சிருக்காரு, பாருங்க, கட்டத்துக்குள்ள சரியா விழுந்திருக்கு. நாலாவது நான் கிண்டலுக்குப் போட்டேன். அத மட்டும் அப்ரூவ் பண்ணிட்டாரு. இந்த மாதிரி ஒரு சாமான் உலகத்துல கெடையாது சார். இல்லாதத ஒருத்தன் எப்படிக் கழட்டுவான்?”

மணவாளன் எழுந்து நின்றார். கழுத்து நரம்பு தெரிந்தது. “கம்பெனி ஆவணத்தில் கேலி! இவனே ஒத்துக்கறான். சார், எழுதிக்கோங்க. இவன் மேலேயும் நடவடிக்கை எடுக்கப்படும்.”

“எழுதிக்கட்டும் சார். அதோட இதையும் எழுதிக்கட்டும். நீங்க கேலியில கையெழுத்துப் போட்டீங்களா, கார்டுல கையெழுத்துப் போட்டீங்களா? எதுன்னு ஒண்ணு சொல்லுங்க.”

டைப்பிஸ்ட் தலையைத் தூக்கி மணவாளனைப் பார்த்தார். வக்கீலும் பார்த்தார். ஜன்னல் பார்த்தது. கேலி என்றால் ஆறு மாதமாகத் தெரியாமல் இருந்தவர் யார் என்ற கேள்வி வரும். பதினோரு வருஷத்துப் பச்சை மை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மனிதர் தன்மானத்தைத் தேர்ந்தெடுத்தார்.

“நான் கையெழுத்துப் போட்டது கார்டில். கார்டு இருக்கிறது. ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறது. கொண்டு வரச் சொல்லுங்கள்!”

கன்னியப்பன் கோணி போட்டு மூடிய எதையோ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில், வரைபடத்தின் மேலேயே, வைத்தான். கோணியை உருவினான்.

அது மஞ்சளாக இருந்தது. முன்பக்கத்தில் மூன்று கம்பிகள் விறைப்பாக நின்றன. பின்பக்கத்தில் இரண்டு. நடுக்கம்பி பாதி தூரம் போய், போக இடமில்லாமல், அந்தரத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. ஜோசப்ராஜ் பன்னிரண்டு வருஷமாகத் தாளில் மட்டுமே பார்த்த ஒரு ஜாதிச் சாமான் முதன்முறையாக எடையோடு, நிழலோடு, அவன் முன்னால் உட்கார்ந்திருந்தது. அவனுக்குக் கண் கலங்கியது. சிரிப்பா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை.

“இதுதான் கவசமா?” வக்கீல் கதவைத் திறக்கப் பிடித்து இழுத்தார். திறக்கவில்லை. கையை எடுத்தார். ஐந்து விரலும் மஞ்சள். கைக்குட்டையில் துடைத்தார், அதுவும் மஞ்சள். சட்டைப் பையைத் தொட்டார்.

ஸ்டூலிலிருந்து துலுக்கானம் பேசினான். அன்று அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

“சார், நான் கயட்டினது ஆகஸ்ட்டு மாசம்னு எய்திகீது. இப்ப அக்டோபரு. பெயின்ட்டு இன்னும் காயலயே சார்?”

முதலில் ஜன்னல்தான் சிரித்தது. பிறகு வாசல். டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கன்னியப்பன்,” வக்கீலின் குரலில் இயற்கை நீதி கொஞ்சம் நடுங்கியது, “இது எப்போது செய்யப்பட்டது?”

“முந்தாநேத்து முடிச்சேன் சார். மேனேஜர் சாரு பின்ஷெட்ல பூட்டிவெச்சி அடிக்க வுட்டாரு. வெளிய ஒருத்தன்கிட்ட மூச்சு வுடக்கூடாது, டிராயிங்ல கீறா மாரியே வரணும், ஒரு எயுத்து மாறக்கூடாதுன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான் சார் மாத்திட்டேன், மன்னிச்சிக்கணும். மெட்டீரியலு காத்துன்னு போட்டு இருந்திச்சி. ஸ்டோர்ல ஸ்டாக் இல்லன்னுட்டாங்கோ. ஆறு எம்.எம். ராடு போட்டேன்.”

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. வக்கீல் காரின் கதவை முழங்கையால் திறந்துகொண்டு போனார்.

நாலு நாளில் சுற்றறிக்கை வந்தது. தொழிலாளர் நலனில் என்றும் அக்கறை கொண்ட நிர்வாகம், மனிதாபிமான அடிப்படையில், துலுக்கானத்தின் மீதான குற்றச்சாட்டைக் கைவிடுகிறது. அவருக்கு டைம் ஆபீஸில் இலகுவான பணி வழங்கப்படுகிறது. ஜோசப்ராஜுக்குத் தனியாக ஒரு மெமோ. இனி கேன்டீன் சுவரில் எந்தப் படமும் ஒட்டக் கூடாது. அவன் அதைப் படித்துவிட்டு மடிக்காமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

அன்று கேன்டீன் அமர்க்களப்பட்டது. தாயம்மா பாரிவாக்கத்திலிருந்து தூக்குப்பாத்திரத்தில் கேசரி கொண்டுவந்து கேட்டில் நின்றாள். ஜோசப்ராஜின் கையில் ஒரு கரண்டி வைத்து, “சத்தமா கேட்டியாமே சார்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்; அவனுக்கு அது போதும். கன்னியப்பன் மஞ்சள் கூண்டைத் தலையில் மாட்டிக்கொண்டு பெஞ்சின் மேல் ஆடினான், பிறகு கழற்ற முடியாமல் இருவர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. துலுக்கானம் இடது கையால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பழகிக் காட்டினான். உண்மை வென்றது என்று ஒருவர் பேசினார். உழைப்பவன் வென்றான் என்று ஒருவர் பேசினார். கடைசியாக மணவாளனே வந்து, கைதட்டலுக்குக் காத்திருந்து, இனி இந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்பில் ஒரு நூலிழைகூடச் சமரசம் இல்லை என்றும், ஜோசப்ராஜின் மூன்று படங்களில் ஒன்றைத் தானே பிரித்துப் பார்த்து உடனடியாகப் பரிசீலிக்கப்போவதாகவும் அறிவித்தார். ஜோசப்ராஜ்கூடக் கைதட்டினான்.

மறுநாள் காலை ஷிப்டில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சிவப்பு அட்டையைக் கழற்றிவிட்டு, வேறு ஆளைப் போட்டு, கார்டு இல்லாமல் ஓட்டினார்கள்.